மேட்டைப் பார்த்து நிறுத்திய வண்டிகள்

டிரைவரைத் திட்டாதீர்கள். பஸ் நின்றதும் இந்த நாட்டில் எல்லோருடைய வாயும் டிரைவரைத்தான் தேடுகிறது. இப்போது நீங்கள் சொன்னீர்களே, "ஆயில் பார்க்காம எடுத்திருப்பான்" என்று, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். மலையில் பஸ் நின்று, வெயிலில் கைப்பிடிச் சுவரில் உட்கார வேண்டி வந்தால் யாரையாவது சொல்லத்தான் தோன்றும். ஆனால் இதே வார்த்தையை ஒரு மனிதன் தலையில் ஏற்றி, ஒரு குடும்பத்தையே வீட்டைவிட்டு இறக்கப் பார்த்தார்கள். நான் கூட இருந்தேன். கூட இருந்தேன் என்ன, முன்னால் நின்றேன்.

நீங்கள் உட்காருங்கள். எனக்கு வேண்டாம். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது.

கண்டக்டர் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது என்கிறார். இருக்கலாம். மேலே இருப்பவர்கள் என்ன சொல்லச் சொல்கிறார்களோ அதைத்தானே அவர் சொல்ல முடியும். ஆனால் பஸ் எப்படி நிற்கிறது, பாருங்கள். முகம் மேட்டில், வால் பள்ளத்தில். இப்படி நிற்கிற வண்டியின் வயிற்றுக்குள் ஆயில் எந்தப் பக்கம் கிடக்கும்? யாருக்கும் அந்தக் கேள்வி வராது. எனக்கு வரும். வந்த கேள்வி இத்தனை வருஷமாகப் போகமாட்டேன் என்கிறது.

என் பெயர் வைரவன். தோழர் வைரவன் என்றால் ஒரு காலத்தில் இந்த மலையில் தெரியாத லயன் கிடையாது. லயன் என்றால் எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மேலே குருவிமட்டம் எஸ்டேட் இருக்கிறது. அங்கே தேயிலை ஃபாக்டரியில் அப்போது எனக்கு வேலை. கொழுந்து வாட்டும் பகுதி. அது வயிற்றுக்கு. உயிருக்கு, சங்கம். படிப்பு என்று கேட்டால் எட்டாவது. ஆனால் துண்டுப்பிரசுரம் படித்தே வளர்ந்தவன் நான். படித்தேன், பிறகு எழுதினேன். இன்றைக்கும் என் வாயில் வருவது அச்சுத் தமிழாகத்தான் வருகிறது, கவனித்திருப்பீர்கள். வீட்டில்கூட அப்படித்தான் பேசுவேன். என் மனைவி அதற்காகவே என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அது வேறு கதை.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து லாரிகள் இருந்தன. காட்டில் பறிக்கிற கொழுந்தை மூட்டையாகக் கட்டி, மேலே ஃபாக்டரிக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பாதை என்றா சொல்வீர்கள் அதை? சுவரில் சாத்திய ஏணி. ஆட்டுக்கல் வளைவு என்று ஓர் இடம். அங்கே ஏறும்போது டிரைவருக்கு எதிரே வானம் மட்டும்தான் தெரியும்.

இந்த லாரிகளை நிறுத்தும் ஷெட் சரிவில் இருந்தது. மலையில் எதுதான் சரிவில் இல்லை. பழைய காலம் முதல் வண்டிகளின் முகத்தைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். ஏன் என்றால் பேட்டரி எல்லாம் செத்த பேட்டரி. காலையில் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்துவிட்டு உருட்டிவிட்டால் வண்டி தானாக ஸ்டார்ட் ஆகும். பேட்டரி வாங்கித்தர நிர்வாகத்துக்கு மனமில்லை, மலையின் சரிவையே பேட்டரியாக வைத்துக்கொண்டார்கள். இந்த வாக்கியம் என் பிரசுரத்தில் வந்தது. நன்றாக இருக்கிறதல்லவா?

ஒருநாள் கட்டை நழுவி ஒரு லாரி தானாக உருண்டது. எடை போடுகிறவர் ஒருத்தர் பாதம் நசுங்கியது. அவ்வளவுதான், விடவில்லை நான். ஊர்வலம், வாயிற் கூட்டம், வேலை நிறுத்தம். இரண்டு கோரிக்கை. எல்லா வண்டிக்கும் புதுப் பேட்டரி. எல்லா வண்டியும் இனி முகம் மேட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். உருண்டாலும் வால் போய் மண் திட்டில் முட்டி நிற்கும், ஆள் மேல் ஏறாது. "வண்டியின் முகம் மேட்டுக்கு, உழைப்பாளியின் முகம் வெளிச்சத்துக்கு." இதுதான் முழக்கம். குழந்தைகள்கூடச் சொல்லிக்கொண்டு ஓடும். துரை கையெழுத்துப் போட்டார். துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் எங்களுக்கு மேனேஜர் துரைதான். அந்த ஒப்பந்தம் மட்டும் என் தனி வெற்றி. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மறுநாள் காலை எல்லா லாரியும் மேட்டைப் பார்த்து வரிசையாக நின்றதே, அந்தக் காட்சிக்காக ஒரு மனிதன் சிறைக்குப் போகலாம்.

ஒவ்வொரு வருஷமும் அந்த ஒப்பந்த நாளில் மேலே போய் ஷெட்டைப் பார்த்துவிட்டு வருவேன். இன்றைக்கும் அதற்குத்தான் கிளம்பினேன். மேலே எனக்கு யாரும் இல்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை.

சரி. விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் மழை முடிந்து கொழுந்து பொங்குகிற பருவம். ஒரு லாரி ஆட்டுக்கல் வளைவில் நின்றுபோயிற்று. என்ஜின் சீஸ். உள்ளே பேரிங் உருகி இறுகிவிட்டது. சில வாரத்தில் இன்னொன்று, அதே வளைவு. நிர்வாகம் முணுமுணுத்தது. மூன்றாவதாக நின்றது சவரிமுத்துவின் லாரி.

சவரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, வாயில் வார்த்தை கிடையாது. சங்கத்துக்குச் சந்தா கேட்டால் கொடுப்பான், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவான், கடைசி வரிசையில் தூங்குவான். அவன் மனைவி மதலைமேரி கொழுந்து பறிப்பவள். வாய் அவளிடம் இருந்தது. இரண்டு பெண் குழந்தைகள், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில்.

மூன்றாவது என்ஜின் என்றதும் துரைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆயில் பார்க்காமல் வண்டியை எடுத்தான், சிவப்பு விளக்கு எரிந்தும் நிறுத்தவில்லை. இதுதான் குற்றச்சாட்டு. டிரைவருக்கு முன்னால் பலகையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஆயில் ஓட்டம் குறைந்தால் அது சிவப்பாக எரியும். சவரிமுத்து சொன்னான், காலையில் ஆயில் அளவு பார்க்கிற கேஜ் கம்பியை உருவிப் பார்த்தேன், மேல் கோடு வரைக்கும் ஆயில் இருந்தது, வளைவில் ஏறும்போது விளக்கு மினுக்கியது, அந்தச் சரிவில் பாரத்தோடு நிறுத்தினால் வண்டி பின்னாலே போய்விடும் என்று ஏற்றிவிடப் பார்த்தேன் என்று. யார் கேட்டார்கள்? சஸ்பெண்ட். விசாரணை முடிந்தால் டிஸ்மிஸ். வேலை போனால் லயன் வீடு போகும். மலையில் வேலையும் வீடும் ஒரே கயிறு. ஒன்றை அறுத்தால் மற்றது தானாக விழும்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து பிரசுரம் எழுதினேன். டிரைவர் ஆயில் பார்த்திருக்கிறான். ஆயில் நிறைய இருந்திருக்கிறது. இருந்தும் என்ஜின் போயிற்று என்றால் என்ன அர்த்தம்? ஆயில் சரியில்லை என்று அர்த்தம். நிர்வாகம் கலப்பட ஆயில் வாங்குகிறது. இதற்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டுமா? சிந்திக்கத் தெரிந்தால் போதும். "எண்ணெயில் கலப்படம், பழியோ உழைப்பவன் மேல்." தலைப்பு. பொள்ளாச்சியில் அச்சடித்து ஒவ்வொரு லயன் சுவரிலும் ஒட்டினோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று துரை கேட்டாராம். பட்டினியைப் பற்றிப் பேச சமையல் தெரிந்திருக்க வேண்டுமா?

வேலை நிறுத்தம் தொடங்கினோம். கொழுந்து முற்றிச் செடியிலேயே நின்றது. அப்போதுதான் நிர்வாகம் கீழேயிருந்து ஒருவனை வரவழைத்தது. சதானந்தம் என்று ஓர் எஞ்சினியர். சின்ன வயது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டிரைவர்களோடு பீடி குடிக்கிற வகை. இந்த வகைதான் ஆபத்து. திட்டுகிற அதிகாரியை எதிர்க்கலாம். பீடி கொடுக்கிறவனை என்ன செய்வீர்கள்?

வந்தவன் ஷெட்டில் சும்மா சுற்றினான். டிரைவர்களிடம் எப்போதிலிருந்து வண்டி இப்படி நிற்கிறது என்று கேட்டான். பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒப்பந்தத்திலிருந்து என்று. அவன் சிரிக்கவில்லையாம், தலையைச் சொறிந்துகொண்டானாம். பிறகு ஒரு காரியம் செய்தான். ஒரு லாரியை எடுத்தான். நின்ற இடத்திலேயே, முகம் மேட்டைப் பார்த்தபடியே, கேஜ் கம்பியை உருவிக் காட்டினான். ஆயில் மேல் கோட்டில் இருந்தது. அதே வண்டியை ஃபாக்டரி முன்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்துக்குக் கொண்டுபோனான். அங்கே மட்டம் பார்த்துப் போட்ட தரை. ஆயில் படியட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து மறுபடி உருவினான். கீழ் கோட்டுக்கும் கீழே இருந்தது.

நானும் நின்றேன் அங்கே. டிரைவர்கள் வட்டமாக நின்றார்கள்.

அவன் சொன்ன கணக்கு இது. கேஜ் கம்பி என்ஜினின் பின்பக்கம் இறங்குகிறது. வண்டியின் முகம் மேட்டைப் பார்த்தால் ஆயில் எல்லாம் பின்னால் சேரும். கம்பி நிறைய நனையும். நிறைய இருக்கிறது என்று டிரைவர் ஆயில் ஊற்றமாட்டான். ஆயிலை உறிஞ்சும் குழாய் முன்பக்கம். குறைந்த ஆயிலோடு செங்குத்தான ஏற்றம் ஏறும்போது இருக்கிற ஆயிலும் பின்னால் ஓடிவிடும், குழாய் காற்றை உறிஞ்சும். விளக்கு எரியும், பேரிங் உருகும். பழைய காலத்தில் முகம் பள்ளத்தைப் பார்த்து நின்றதால் ஆயில் முன்னால் போய், கம்பி குறைவாக நனைந்து, டிரைவர்கள் எப்போதும் கொஞ்சம் கூடவே ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கூடுதல்தான் ஏற்றத்தில் என்ஜினைக் காப்பாற்றியதாம்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"நான் ஒப்பந்தத்தைக் குறை சொல்லல தோழர். வண்டி இப்படியே நிக்கட்டும், அதுதான் பத்திரம். காலைல இந்தத் தளத்துல வச்சு ஆயில் பாருங்க, அது போதும். டிரைவர் மேல தப்பே இல்லை."

கேட்டீர்களா, எவ்வளவு இனிப்பு. உள்ளே இருக்கிற விஷத்தைக் கவனியுங்கள். வண்டிகள் மேட்டைப் பார்த்து நின்றதால் என்ஜின் போயிற்று. மேட்டைப் பார்த்து நிற்க வைத்தது யார்? சங்கம். சங்கம் என்றால் யார்? மூன்று என்ஜினையும் கொண்டுவந்து என் வாசலில் இறக்குகிறான், பீடியைக் கையில் கொடுத்துக்கொண்டே.

நான் சொன்னேன், தளம் நிர்வாகத்துடையது, கம்பி நிர்வாகத்துடையது, பார்க்கிற கண் மட்டும்தான் எங்களுடையது என்று. வழக்கமாக அந்த மாதிரி வாக்கியத்துக்குக் கைத்தட்டல் வரும். அன்று வரவில்லை. ஒரு டிரைவர் தன் வண்டியை எடுத்துவந்து அவனாகவே தளத்தில் வைத்துப் பார்த்தான். அதிலும் குறைவுதான். "ஆமா அண்ணாச்சி, இதுலயும் இல்லை" என்று எனக்கே வந்து கம்பியைக் காட்டினான், என்னவோ நல்ல செய்தி கொண்டுவந்த மாதிரி. ஓர் ஆள் ஏமாந்தால் ஏமாற்றம். எல்லோரும் ஒரே மாதிரி ஏமாந்தால் அது சதி. வேறென்ன?

கொஞ்சம் இருங்கள். அந்த டிரைவர் என்ன செய்கிறார் அங்கே? பானெட்டைத் திறந்து உள்ளே கையை விடுகிறார். விடட்டும். ஃபேன் பெல்ட்டாம்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? சமரசம். துரை சமரசம் அனுப்பினார். சவரிமுத்து மேல் குற்றச்சாட்டு வாபஸ். மறுநாளே வேலை. வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். பதிலுக்கு நிர்வாகமும் சங்கமும் சவரிமுத்துவும் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிலில் குறை இல்லை, வண்டிகள் நின்ற விதத்தால் அளவு தப்பாகத் தெரிந்தது, இனி சமதளத்தில் பார்க்கப்படும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்கிறார்கள். சுவர் சுவராக ஒட்டிய பிரசுரத்தை யார் நக்கி எடுப்பது? கலப்படம் என்று எழுதிய கை, குறை இல்லை என்று எப்படி எழுதும்? ஒரு வரி விட்டுக்கொடுங்கள் என்றார்கள். ஒரு வரியில்தான் இயக்கங்கள் செத்திருக்கின்றன. நான் படித்திருக்கிறேன்.

சாயங்காலம் சவரிமுத்துவும் மதலைமேரியும் சங்க அலுவலகத்துக்கு வந்தார்கள். அவன் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அவள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னைக் கேட்காமலே உட்கார்ந்தாள்.

போராட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நான் விளக்கிச் சொன்னேன். அகில இந்திய நிலைமையில் ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசவில்லை, முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் ஆயில் பார்த்தாரு. இல்லைன்னாங்க. இப்ப பார்த்தாருன்னு அவங்களே சொல்லுதாங்க. பெறகு எதுக்கு அண்ணாச்சி சண்டை?"

நான் சொன்னேன், சண்டை இப்போது அவனைப் பற்றியது மட்டும் அல்ல, அதைவிடப் பெரியது என்று.

"எங்களுக்கு அவ்வளவு பெருசு வேண்டாம்" என்றாள். "பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் எந்த மரத்தடில போய் உக்காருவேன்?"

சிரிப்பு வருகிறது எனக்கு. வர்க்க உணர்வு இல்லாத இடத்தில் மரத்தடிதான் முதலில் ஞாபகம் வரும். நான் கோபப்படவில்லை. வெளியே போய் சவரிமுத்துவின் தோளில் கை வைத்தேன். உனக்காக ஆயிரம் பேர் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள், நீ நெஞ்சை நிமிர்த்து என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "அதான் அண்ணாச்சி சங்கடமா இருக்கு. அவங்களும் வீட்டுல சும்மா இருக்காங்க என்னால." என்னால என்றான், பாருங்கள். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து எடுக்கத்தான் நான் அவ்வளவும் செய்தேன்.

மறுநாள் பொதுக்கூட்டம். அவனை மேடையில் ஏற்றினேன். வெற்றி கிடைக்கும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்திடமாட்டேன் என்று நான் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னான். குரல் மைக்கில் ஏறவில்லை, அது மைக்கின் கோளாறு. முஷ்டியை உயர்த்து என்றேன். உயர்த்தினான், காதுவரை. காதுவரை உயர்ந்த கையும் உயர்ந்த கைதான். கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மதலைமேரி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் காலையில் குளித்து, திருநாளுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, நேரே துரை பங்களாவுக்குப் போயிருக்கிறார்கள். அந்த எஞ்சினியர் தாளை வாசித்துக் காட்டியிருக்கிறான். இவன் போட்டுவிட்டான். துரை கை கொடுத்தாராம். ஆயிரம் பேர் ஒரு மனிதனுக்காகப் பட்டினி கிடக்கிறார்கள், அந்த மனிதன் துரையோடு கை குலுக்குகிறான். இதற்குப் பெயர் என்ன? நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் கசப்பில் சொல்கிறேன் என்பார்கள்.

மத்தியானத்துக்குள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்கள். யாருக்காக நின்றோமோ அவனே போய்விட்டான், பிறகு நாம் எதற்கு என்று என்னிடமே கேட்டார்கள். நான் சங்க அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அவனை நீக்கும் தீர்மானத்தை எழுதினேன். முன்மொழிந்தேன். வழிமொழிய ஆள் இல்லை. அதனால் என்ன? தீர்மானம் தீர்மானம்தான்.

ஆனால் ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர்கள் சொல்வது உண்மை என்றால், இனி சமதளத்தில் பார்த்துச் சரியாக ஆயில் ஊற்றிய வண்டி ஆட்டுக்கல் வளைவில் ஏறும்போது விளக்கு எரியக் கூடாது. நான் சொல்வது உண்மை என்றால், ஆயிலே கலப்படம் என்றால், எவ்வளவு ஊற்றினாலும் எரிந்தே தீரும். அந்தச் சின்னச் சிவப்பு விளக்குதான் சாட்சி. அதைப் போய்ப் பார்க்க யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. வேலைக்குப் போகவும் சம்பளம் வாங்கவும்தான் தோன்றியது.

நான் போனேன். சவரிமுத்து மறுபடி வண்டி எடுத்த அன்றைக்கு, ஆட்டுக்கல் வளைவில், பாதை மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில் நடுவில் போய் நின்றேன். கீழே லாரி வருகிற சத்தம் கேட்டது. முழுப் பாரம். மூட்டைகள் மேலே பெண்கள் உட்கார்ந்து வந்தார்கள், பேசிச் சிரித்துக்கொண்டு. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

அவன் பிரேக் போட்டான். அந்தச் சரிவில் அந்தப் பாரத்தோடு நிறுத்துவது லேசில்லை, லாரி உடம்பு முழுக்க நடுங்கியது. நான் நகரவில்லை. பெண்கள் குதித்து இறங்கி ஓடிப்போய் சக்கரங்களுக்குக் கல்லும் கட்டையும் போட்டார்கள். ஒருத்தி என்னை என்னவோ திட்டினாள், அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வராது.

சவரிமுத்து ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "அண்ணாச்சி, தள்ளுங்க. இந்த வண்டிக்கும் எதாச்சும் ஆச்சுன்னா நான் செத்தேன். இனி யாரும் எனக்காக வரமாட்டாங்க."

நான் ஃபுட்போர்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் வானத்தைப் பார்த்து நிற்கிறது வண்டி. பலகையில் அந்த விளக்கைத் தேடினேன். இருந்தது. எரியவில்லை.

எரியவில்லை. இருட்டாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், சிமிட்டவும் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"பல்பைக் கழற்றிவிட்டீர்கள்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் என்னை நேராகப் பார்த்து நான் அதற்கு முன்பு கண்டதில்லை, எப்போதும் தரையைத்தான் பார்ப்பான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஹேண்ட் பிரேக்கை இன்னும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். கீழே குனிந்து, கட்டை நன்றாக இருக்கிறதா என்று பெண்களைக் கேட்டான். பிறகு சொன்னான்:

"பல்பு இருக்கு அண்ணாச்சி. என்ஜின் ஓடயில எரியாது. நிறுத்திட்டு சாவிய மட்டும் போட்டா எரியணும். எல்லா வண்டியிலயும் அப்படித்தான். பாருங்க."

என்ஜினை நிறுத்தினான். மலை முழுக்க ஒரேயடியாக அமைதி ஆகிவிட்டது. அந்தப் பாரத்தோடு, அந்தச் சரிவில், கல்லையும் கட்டையையும் நம்பி. திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவன் சாவியைத் திருப்பினான்.

எரிந்தது.

நீங்கள் என்னை நம்ப வேண்டும். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சிவப்பாக, சுத்தமாக, ரத்தப் பொட்டு மாதிரி. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான வெளிச்சத்தை நான் கண்டதில்லை. சமதளத்தில் பார்த்து, அவர்கள் சொன்ன அளவுக்கு ஆயில் ஊற்றி, அந்த எஞ்சினியர் தன் கையால் சரிபார்த்து அனுப்பிய வண்டி. அதில் எரிந்தது. நான் கீழே குதித்தேன். வளைவு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன், "எரிகிறது, வந்து பாருங்கள், எரிகிறது."

யாரும் வந்து பார்க்கவில்லை. பெண்கள் அப்படியே நின்றார்கள். சவரிமுத்து ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தான். உண்மை வெளியே வரும்போது அதன் முகத்தைப் பார்க்க எல்லோருக்கும் தைரியம் வராது. நான் மறுபடி சொன்னேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன் என்று வையுங்கள்.

அப்போது மதலைமேரி வந்தாள். அவளும் அந்த மூட்டை மேல்தான் வந்திருந்தாள். பிடித்துத் தள்ளியிருந்தால் நான் நகர்ந்திருக்கமாட்டேன், அங்கேயே படுத்திருப்பேன். அவள் தள்ளவில்லை. என் முழங்கையைப் பிடித்தாள். விழுந்து கிடந்த என் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டாள். பாதையின் ஓரத்துக்கு, மேட்டுப் பக்கமாக, என்னை நடத்திக்கொண்டு போனாள்.

"ஆமா அண்ணாச்சி, எரியுது" என்றாள். "எரியுது. நீங்க இப்படி ஓரமா நில்லுங்க, வண்டி போகட்டும்."

கேட்டீர்களா? நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள். யாருடைய வீட்டுக்காக அந்தத் தாளில் கையெழுத்து விழுந்ததோ, அவள் வாயால், அத்தனை பெண்கள் முன்னிலையில், இரண்டு தடவை.